அப்கிரேடு முடிஞ்ச மறுநாள்: திருநெல்வேலிப் பக்கம் பார்த்த கேஸ்கள்

டக்கரம்மாள்புரம்:

2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் நின்னதும் பாளை, டவுன், ஜங்ஷன் பக்கம் பழைய மெஷின்ல உபுண்டு, மின்ட் மாதிரி லினக்ஸ் ஏத்துறது கூடிட்டு. ஏற்கெனவே உபுண்டு 22.04 வச்சிருந்தவங்களும் 24.04-க்கு மாறுதாங்க. மாறின மறுநாள் ஏதாவது ஒண்ணு மக்கர் பண்ணினா நம்ம ஊர்ல உடனே சொல்ற வைத்தியம், "ஃபார்மட் அடிச்சிருவோம்". பெரும்பாலும் அதுக்கு அவசியமே இல்லை. அவங்கவங்க பார்த்த கேஸை ஊர் பேர் போட்டு இதுல எழுதுங்க. என்ன மெஷின், எந்த வெர்ஷன், திரையில என்ன வரி வந்துச்சு, எதனால, எப்படிச் சரியாச்சு, அவ்வளவுதான் வேணும். வெறும் "வேலை செய்யல"ன்னு போட்டா யாராலயும் பதில் சொல்ல முடியாது.

கமாண்டு எல்லாம் உச்சரிப்புப்படி தமிழ் எழுத்துலதான் போடுதோம். நீங்க அடிக்கும்போது ஆங்கிலத்துல, சின்ன எழுத்துல அடிக்கணும். என்ன ஏதுன்னு பாக்காம காப்பி பண்ணி ரூட்ல (முழு அதிகாரம் உள்ள கணக்குல) ஒட்டுற பழக்கத்துக்கு இதுவும் ஒரு கடிவாளம்.

முதல் கேஸ், மெஷின் பூட் ஆகத் தேவையான ஃபைல் இருக்கிற /பூட் நிறைஞ்சு போறது. இன்ஸ்டால் பண்ணும்போது டிஸ்க் என்கிரிப்ஷன் கொடுத்திருந்தா /பூட் தனிப் பார்ட்டிஷனா இருக்கும். பழைய இன்ஸ்டால்ல அது 500, 700 எம்பி அளவுதான். ஒவ்வொரு கெர்னலுக்கும் (சிஸ்டத்தோட மையப் புரோகிராம்) அது ஏறத் துணையா ஒரு இனிட்ஆர்டி ஃபைல் அதுல உக்காரும். அது ஒண்ணே 100 எம்பி பக்கம் வரும். மூணு, நாலு கெர்னல் சேர்ந்தா இடம் தீர்ந்துரும். அப்கிரேடு பாதியில "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்"னு ஒரு வரி ஓடும், யாரும் கவனிக்க மாட்டாங்க. அடுத்த தடவை ஆன் பண்ணினா "கெர்னல் பேனிக், அனேபிள் டு மவுன்ட் ரூட் எஃப்எஸ்"னு நிக்கும். ஹார்டு டிஸ்க் போச்சுன்னு சொல்லி புது எஸ்எஸ்டி மாட்டிவிடுறது இந்த இடத்துலதான். டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகலை. புது கெர்னலுக்கு இனிட்ஆர்டி முழுசா எழுதப்படலை, அதான் விஷயம்.

எந்த கெர்னல்ல ஏறணும்னு கேக்குற கிரப் மெனு வரணும்னா, ஆன் பண்ணினதும் பழைய பயாஸ் மெஷின்ல ஷிஃப்ட்டை அழுத்திப் பிடிங்க. யூஇஎஃப்ஐ உள்ள புது மெஷின்னா எஸ்கேப்பை ஒரே ஒரு தட்டு. ரெண்டு மூணு தட்டு தட்டினா மெனு வராம "கிரப்>"னு வெறும் வரி வந்து நிக்கும். வந்துட்டா "நார்மல்"னு அடிச்சு என்டர் கொடுத்து, உடனே எஸ்கேப் ஒரு தட்டு. மெனுவுல அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய் பழைய கெர்னலை எடுங்க. உள்ள போனதும் "டிஎஃப் -ஹெச் /பூட்" அடிச்சு எவ்வளவு இடம் இருக்குன்னும், "யூநேம் -ஆர்" அடிச்சு இப்ப எந்த கெர்னல் ஓடுதுன்னும் பாத்துக்கிடுங்க. ஓடுற கெர்னலைத் தொடக் கூடாது. வழக்கமா பழைய கெர்னலை நீக்க "சூடோ ஏபிடி ஆட்டோரிமூவ் --பர்ஜ்" போதும். ஆனா பேக்கேஜ் போடுற, எடுக்குற ஏபிடியே பாதியில நின்னிருந்தா அதுவும் மறுக்கும். அப்ப இருக்கிறதுலயே பழைய கெர்னலோட இனிட்ஆர்டி ஃபைல் ஒண்ணை மட்டும் ஆர்எம் கமாண்டால அழிச்சு இடம் எடுங்க. பிறகு "சூடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ", அப்புறம் ஆட்டோரிமூவ், கடைசியா "சூடோ அப்டேட்-கிரப்".

திரும்பத் திரும்ப நிறைஞ்சா இனிட்ராம்எஃப்எஸ்.கான்ஃப் ஃபைல்ல மாட்யூல்ஸ்=மோஸ்ட்னு இருக்கிறதை டெப்-னு மாத்தினா, இந்த மெஷினுக்கு வேண்டிய டிரைவர் மட்டும் இருக்கும், ஃபைல் நல்லா சுருங்கும். ஒண்ணு மட்டும் ஞாபகம் இருக்கணும்: அந்த டிஸ்க்கைக் கழட்டி வேற போர்டுல மாட்டினா பூட் ஆகாமப் போகலாம்.

மேலப்பாளையம்:

அப்கிரேடு நடுவுல கரண்டு போறது. ஐப்பசி, கார்த்திகை மழைன்னு இல்லை, ஆனி ஆடிக் காத்துக்கும் லைன் போகும். வீட்டு யூபிஎஸ் 600 விஏ, உள்ள 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரி ஒண்ணு. புதுசா இருந்தாலே டெஸ்க்டாப்பைக் கால் மணி நேரம் தாங்கினா பெரிசு. அப்கிரேடுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். பேப்பர்ல "நாளை மின்தடை" பகுதியைப் பாத்துட்டுத் தொடங்குங்க, சிரிக்காதீங்க.

டவுன்லோடு நடக்கையில கரண்டு போனா பாதகமில்லை, விட்ட இடத்துல இருந்து எடுத்துக்கிடும். பேக்கேஜ் அவிழ்த்துப் பதியும்போது போனாத்தான் வில்லங்கம். அப்ப கிரப் மெனுவுல ரிக்கவரி மோட் போய் ரூட் ஷெல் எடுங்க. அங்க டிஸ்க் படிக்க மட்டும் திறந்திருக்கும். அதனால முதல் வேலை "மவுன்ட் -ஓ ரீமவுன்ட்,ஆர்டபிள்யூ /". இதை மறந்துட்டு அடுத்த கமாண்டு அடிச்சா "ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்"னு திட்டும். பிறகு "டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ", "ஏபிடி -எஃப் இன்ஸ்டால்", "ஏபிடி ஃபுல்-அப்கிரேடு", இதே வரிசையில. எங்க நின்னுச்சுன்னு தெரியணும்னா /வார்/லாக்/டிஸ்ட்-அப்கிரேடு ஃபோல்டர்ல மெயின்.லாக் இருக்கு, கடைசி முப்பது வரி படிச்சாப் போதும்.

ரிக்கவரிக்குக் கூடப் போகாம "(இனிட்ராம்எஃப்எஸ்)"னு நின்னா, மேல எந்தப் பார்ட்டிஷன் பேர் வந்திருக்குன்னு பாத்து "எஃப்எஸ்சிகே -ஒய் /டெவ்/எஸ்டிஏ2" மாதிரி ஓட்டுங்க. பேரு உங்க மெஷினுக்கு மாறும். இது ஒரு தடவை வந்தா கரண்டு. வாரா வாரம் வந்தா டிஸ்க். ஸ்மார்ட்மான்டூல்ஸ் போட்டு "ஸ்மார்ட்சிடிஎல் -ஏ" அடிச்சு கரன்ட் பென்டிங் செக்டர், ரீஅலொகேட்டடு செக்டர் ரெண்டு வரியும் பாருங்க. எண்ணு ஏறிக்கிட்டே போனா அப்கிரேடை மறந்துட்டு முதல்ல ஃபோட்டோவைக் காப்பி பண்ணுங்க.

கல்லிடை:

நேரம் பிசகுற கேஸ் சின்னது, ஆனா ஆளைச் சுத்த விடும். "சூடோ ஏபிடி அப்டேட்" அடிச்சா "ரிலீஸ் ஃபைல் இஸ் நாட் வேலிட் யெட்"னு வரும். பிரவுசர்ல எந்த சைட் போனாலும் சர்டிஃபிகேட் எரர். ஆள் நெட்டைக் குறை சொல்லிக்கிட்டு இருப்பாரு. மூலையில இருக்கிற தேதியைப் பாருங்க, ஏதோ பழைய வருஷம் காட்டும். போர்டுல உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கு. மல்டிமீட்டர்ல 3 வோல்ட் காட்டணும், ரொம்பக் குறைஞ்சிருந்தா மாத்துங்க. அதுவரைக்கும் தேதியைக் கையால சரி பண்ணினா ஏபிடி ஓடும்.

சரியா அஞ்சரை மணி நேரம் பிசகினா பேட்டரியைத் தொடாதீங்க. அது டூயல் பூட், ஒரே மெஷின்ல விண்டோஸும் லினக்ஸும் இருக்கிறது. லினக்ஸ் போர்டு கடிகாரத்துல யூடிசி (உலகப் பொது நேரம்) எழுதும். விண்டோஸ் அதை உள்ளூர் நேரம்னு எடுத்துக்கிடும். லினக்ஸ்ல காலை 10 மணிக்கு ரீஸ்டார்ட் பண்ணி விண்டோஸ் போனா விடியக்காலை 4.30 காட்டும். "டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1" அடிச்சா ஒத்துப்போகும்.

டவுன் ரதவீதி:

பிரிண்டருக்குத்தான் அதிகமா ஆள் வருது. டிடிபி கடையில, ஜெராக்ஸ் கடையில ஓடுறது ரெண்டே ரெண்டு: ஹெச்பி லேசர்ஜெட் 1020, கேனன் எல்பிபி2900. ஆனித் தேரோட்ட நோட்டீஸ் வேலை நெருங்கையில அப்கிரேடு பண்ணாதீங்க. அதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்லை.

1020-ல விஷயம் என்னன்னு கேட்டியன்னா, அந்த பிரிண்டர் தன்னோட ஃபர்ம்வேரை (அதை இயக்குற புரோகிராமை) உள்ள வச்சுக்கிடாது. ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் கம்ப்யூட்டர்தான் அனுப்பணும். அந்த ஃபர்ம்வேர், ஹெச்பி பிரிண்டர் டிரைவரான ஹெச்பிலிப்போட பிளகின்ல (தனியா இறக்குற சேர்க்கை) இருக்கு. பிளகின் வெர்ஷனும் ஹெச்பிலிப் வெர்ஷனும் ஒண்ணா இருக்கணும். 22.04-ல ஹெச்பிலிப் 3.21.12. 24.04-ல 3.23.12. அப்கிரேடு ஹெச்பிலிப்பை மாத்திரும், பிளகினை மாத்தாது. வேலை வரிசையில போகும், பேப்பர் வராது. பிரிண்டரை நீக்கிட்டு மறுபடி சேர்த்தாலும் அதே கதைதான்.

"டிபிகேஜி -எல் ஹெச்பிலிப்" அடிச்சு வெர்ஷனைப் பாத்துட்டு, "ஹெச்பி-பிளகின் -ஐ" ஓட்டுங்க. அதுவே இறக்கிக்கிடும். இறங்காம நின்னா அதே எண்ணுள்ள .ரன் ஃபைலைத் தனியா இறக்கி "ஹெச்பி-பிளகின் -பி" கொடுத்து அந்த ஃபோல்டரைக் காட்டுங்க. முடிஞ்சதும் யூஎஸ்பி வயரைக் கழட்டி மாட்டுங்க. ஃபூ2இசட்ஜேஎஸ்-னு இன்னொரு டிரைவரும் இதுக்கு உண்டு. ரெண்டையும் ஒரே மெஷின்ல வச்சா ஃபர்ம்வேரை யார் அனுப்புறதுன்னு ரெண்டும் மல்லுக்கட்டும். ஒண்ணை எடுத்துருங்க.

2900 வேற வகை. கேனன் கொடுக்கிற கேப்ட் டிரைவர்ல சில பகுதி இன்னும் 32 பிட். அப்கிரேடு முடியும்போது "பழைய பேக்கேஜ்களை நீக்கவா"ன்னு கேக்கும்ல, அதுக்கு ஒய் அடிச்சா 32 பிட் லைப்ரரியும் சேர்ந்து போயிரும். "சூடோ டிபிகேஜி --ஆட்-ஆர்க்கிடெக்சர் ஐ386" கொடுத்து அப்டேட் பண்ணிட்டு, "எல்டிடி /யூஎஸ்ஆர்/பின்/கேப்ட்ஃபில்டர்" அடிங்க. எந்தெந்த வரியில "நாட் ஃபவுண்ட்"னு இருக்கோ அந்த லைப்ரரியை மட்டும் :ஐ386-னு சேர்த்துப் போடுங்க. அப்புறமும் ஓடலைன்னா வயரை வேற போர்ட்டுல மாட்டியிருக்காங்களான்னு பாருங்க. கேனன் டிரைவரோட பின்னணிப் புரோகிராமான சிசிபிடி-ல போர்ட் எல்பி0-ன்னு பதிஞ்சிருக்கும், பிரிண்டர் எல்பி1-ல போய் உக்காந்திருக்கும்.

அம்பை:

அண்ணாச்சி, பிரிண்டர் சரியாச்சு. தமிழ்தான் போச்சு. தமிழ்99 விசைப்பலகை லிஸ்ட்லயே இல்லை. பழைய பத்திரிகை வேலை ஃபைல் எல்லாம் திறந்தா ஆங்கில எழுத்தா கொட்டுது. ஃபைல் கெட்டுப் போச்சா?

டவுன் ரதவீதி:

தம்பி, அது ரெண்டும் ரெண்டு வேற விஷயம். விசைப்பலகைக்கு ஐபஸ்-எம்17என் பேக்கேஜ் போடுங்க, லாக் அவுட் பண்ணி உள்ள வாங்க. செட்டிங்ஸ், கீபோர்டு, இன்புட் சோர்ஸ், அதுல தமிழ்னு தேடினா தமிழ்99 வரும். லாக் அவுட் பண்ணாமத் தேடினா வராது, இதுலதான் பாதிப் பேர் மாட்டுதாங்க.

ஃபைல் கெடலை. அது பாமினி எழுத்துருல அடிச்சது. "தமிழ்"னு அடிச்ச இடத்துல ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி தெரியுதா? தெரிஞ்சா பாமினிதான். உள்ள இருக்கிறது ஆங்கில எழுத்தேதான், மேல எழுத்துரு வேஷம் போட்டுத் தமிழாக் காட்டும். பழைய மெஷின்ல இருந்து அந்த டிடிஎஃப் ஃபைலை எடுத்து, ஹோம்ல .லோக்கல்/ஷேர்/ஃபான்ட்ஸ் ஃபோல்டர்ல போட்டு "எஃப்சி-கேஷ் -எஃப்" அடிங்க. புது வேலையை யூனிகோடுல வச்சுக்கிடுங்க. ஒரே ஃபைல்ல ரெண்டையும் கலந்தா பின்னால தேடவும் முடியாது, மாத்தவும் முடியாது.

வள்ளியூர்:

காணாமப் போன வைஃபையைச் சரி பண்ண முதல்ல நெட் வேணும், நெட்டுக்கு வைஃபை வேணும். இந்த முடிச்சை அவிழ்க்க ஆண்ட்ராய்டு போனை வயர்ல மாட்டி யூஎஸ்பி டெதரிங் போடுங்க. லினக்ஸ் அதைத் தானா எடுத்துக்கிடும். பிறகு "எல்எஸ்பிசிஐ -என்என்கே" அடிச்சு, வயர்லெஸ் வரிக்குக் கீழ "கெர்னல் டிரைவர் இன் யூஸ்" இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா டிரைவர் ஏறலை. இருந்தும் வரலைன்னா "ஆர்எஃப்கில் லிஸ்ட்", ஏரோப்ளேன் பட்டன் அமுங்கியிருக்கும்.

பிராட்காம் பிசிஎம்43142 உள்ள பழைய லேப்டாப்புக்கு பிசிஎம்டபிள்யூஎல்-கெர்னல்-சோர்ஸ் வேணும். அது கெர்னலுக்கு ஏத்தபடி கம்பைல் ஆகுற சரக்கு. "டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்" அடிச்சா புது கெர்னல் எண்ணுக்கு நேரா "இன்ஸ்டால்டு" இருக்கணும். ரியல்டெக் சிப்புக்கு இணையத்துல கிடைச்ச கோடை "மேக் இன்ஸ்டால்" பண்ணி வச்சிருந்தா, கெர்னல் மாறின அன்னைக்கே அது போயிரும். மறுபடி அதையே தேடாதீங்க. நிறைய ரியல்டெக் சிப்புக்கு 24.04-ஓட 6.8 கெர்னல்லயே டிரைவர் இருக்கு. பழசை நீக்கிட்டு ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க.

டெபியன்காரங்களுக்கு ஒரு வரி: 11-ல இருந்து 12-க்கு வந்தவங்க சோர்சஸ்.லிஸ்ட்ல நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் பகுதியைத் தனியா சேர்க்கணும். 12-ல இருந்து அது நான்-ஃப்ரீக்குள்ள கிடையாது.

எல்லாம் சரியா இருந்தும் "கீ வாஸ் ரிஜெக்டடு பை சர்வீஸ்"னு வந்தா செக்யூர் பூட், நம்பகமான கையெழுத்து இல்லாத டிரைவரைத் தடுக்கிற ஏற்பாடு. டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்டிருக்கும். ரீஸ்டார்ட்ல டிரைவரோட சாவியைப் (மோக்) பதிய ஒரு நீலத் திரை வந்து பத்து செகண்டு நிக்கும். டீ குடிக்கப் போனா அது கடந்து போயிரும். திரும்ப வரவைக்க "சூடோ மோக்யூடில் --இம்போர்ட் /வார்/லிப்/ஷிம்-சைன்டு/மோக்/மோக்.டெர்". இந்தத் தடவை முன்னாலயே உக்காந்திருங்க. என்ரோல் மோக், கன்டினியூ, எஸ், பாஸ்வேர்டு, ரீபூட்.

உவரி:

கடற்கரைப் பக்கம் உள்ளவங்களுக்கு: உப்புக் காத்துல ராம் காலு பச்சை பிடிக்கும். அப்கிரேடு பண்ணினதும் அங்கங்க கிராஷ் ஆனா உபுண்டுவைத் திட்டாதீங்க. இன்ஸ்டால் ஒவ்வொரு தடவையும் வேற வேற இடத்துல நின்னா ராம். ஒரே இடத்துல நின்னா பென்டிரைவோ, இறக்கின ஐஎஸ்ஓ ஃபைலோ கெட்டிருக்கும், "எஸ்ஹெச்ஏ256சம்" அடிச்சு வர்ற எண்ணை இறக்கின சைட்ல உள்ளதோட ஒத்துப் பாருங்க. ராமைக் கழட்டி பென்சில் ரப்பரால காலைத் தேச்சு மாட்டிட்டு மெம்டெஸ்ட்86+ ஒரு முழுச் சுற்று ஓட விடுங்க. ஒரு சிவப்பு வரி வந்தாலும் அந்த ஸ்டிக் ஆகாது.

டக்கரம்மாள்புரம்:

புராஜெக்ட் பண்ணுற பிள்ளைகளுக்கு ரெண்டு. "எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்"னு பிப் (பைத்தான் பேக்கேஜ் போடுற கமாண்டு) மறுத்தா, --பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ் போடாதீங்க. பேரிலேயே எச்சரிக்கை இருக்கு. பைத்தான்3-வென்வ் போட்டு, புராஜெக்டுக்குன்னு தனி பைத்தான் ஃபோல்டரா ஒரு வென்வ் உண்டாக்குங்க. 22.04-ல உண்டாக்கின வென்வ் பைத்தான் 3.10-ஐ நம்பி நிக்கும், 24.04-ல இருக்கிறது 3.12. அதைச் சரி பண்ண முயற்சி பண்ணாம அழிச்சுப் புதுசா போடுறதுதான் லேசு. ஆப்இமேஜ் (ஒரே ஃபைலா வர்ற புரோகிராம்) திறக்கலைன்னா லிப்ஃபியூஸ்2டி64 பேக்கேஜ் போடுங்க. வெறும் "ஃபியூஸ்"னு போட்டிராதீங்க, ஃபியூஸ்3-ஐயும் அதை நம்பி இருக்கிறதையும் சேர்த்து நீக்கப் பாக்கும்.

அம்பை:

தமிழ் ரெண்டும் வந்துட்டு அண்ணாச்சி. ஆனா 1020 ராத்திரி ஆஃப் பண்ணி காலையில ஆன் பண்ணினா மறுபடி பேப்பர் வரல. பிளகின் வெர்ஷன் சரியாத்தான் இருக்கு.

டவுன் ரதவீதி:

கம்ப்யூட்டரை ஆன் பண்ணி டெஸ்க்டாப் வந்த பிறகு பிரிண்டர் சுவிட்சைப் போட்டுப் பாருங்க. அப்பவும் வரலைன்னா டெர்மினல்ல "ஹெச்பி-ஃபர்ம்வேர்" ஓட்டுங்க. லைட்டு மின்னி பிரிண்டர் உள்ள கிர்ருன்னு ஒரு சுத்து சுத்தும். அந்தச் சத்தம் கேட்டா ஃபர்ம்வேர் ஏறிட்டுன்னு அர்த்தம், வரிசையில நிக்கிற வேலை எல்லாம் மொத்தமா வந்து கொட்டும். அதனால அதுக்கு முன்னாடி பழைய ஜாப்பை எல்லாம் "கேன்சல் -ஏ" அடிச்சுக் காலி பண்ணிருங்க.