தேனீ கொட்டினால் உங்கள் வீட்டில் என்ன வைப்பார்கள்? இந்தக் கேள்விக்கு மூன்று ஊர்க்காரர்கள் எழுதிய பதில்கள் இவை.

எங்கள் ஊர் காவேரிப்பட்டினம் பக்கம். மாசி மாதம் புளி உலுக்கிக்கொண்டிருந்தோம். மாமா மரத்தின் மேலே, நானும் தம்பியும் கீழே தார்ப்பாயை இழுத்துப் பிடித்தபடி நின்றோம். இலைக்கு நடுவே கையகலத்துக்கு ஒரு கொம்புத்தேன் அடை தொங்கியதை யாரும் கவனிக்கவில்லை. உலுக்கின வேகத்தில் தேனீக்கள் கிளம்பி இறங்கிவிட்டன, தம்பிக்குப் புறங்கையில் இரண்டு, எனக்குக் காது மடலில் ஒன்று.

ஆயா மடியில் எப்போதும் சுண்ணாம்பு டப்பா இருக்கும், அதைத்தான் முதலில் எடுப்பார் என்று நினைத்தேன். அவர் தம்பியின் கையை வெயிலுக்கு நேராகத் திருப்பி, கட்டைவிரல் நகத்தால் சுரண்டி முதலில் கொடுக்கை எடுத்தார். அதை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். மயிர் போல ஒரு முள், அதன் அடியில் கடுகைவிடச் சின்னதாக ஒரு பை. தேனீ போன பிறகும் அந்தப் பை சுருங்கிச் சுருங்கி விரிந்துகொண்டிருந்தது! "இது உள்ளே இருக்கிற வரைக்கும் விஷத்தை இறக்கிக்கிட்டே இருக்கும், எதைப் பூசினாலும் கேட்காது" என்றார். நகமோ, இடுக்கியோ, எதில் எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதுதான் கணக்கு.

அப்புறம் சுண்ணாம்பு வைத்தார். எனக்கு அதில் சம்மதம் இல்லை. விஷம் புளிப்பு, சுண்ணாம்பு காரம், இரண்டும் சேர்ந்தால் முறிந்துவிடும் என்பார்கள், ஆனால் விஷம் தோலுக்கு அடியில் இறங்கிவிடுகிறது, மேலே தடவுவது அங்கே போய்ச் சேராது. என் காதில் வீக்கம் இரண்டு நாளில் வடிந்துவிட்டது, சுண்ணாம்பு வெந்து உரிந்த தோல் ஆறத்தான் பத்து நாள் ஆனது. கண் பக்கம் கொட்டியிருந்தால் தயவுசெய்து வைக்காதீர்கள். பானைத் தண்ணீரில் நனைத்த துணியை மடித்து வைத்ததுதான் எங்கள் இரண்டு பேருக்கும் வலியைக் குறைத்தது. ஐஸ் இருந்தால் துணியில் சுற்றி வைக்கலாம்.

பென்னாகரத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் உயரமான மரத்திலும் பாறையிலும் மலைத்தேன் கட்டும். போன வருடம் பருந்து அடையை அடித்துவிட, கீழே களை எடுத்துக்கொண்டிருந்த என் மாமனாருக்கு மூன்று இடத்தில் கொட்டியது. அவர் இதற்கு முன்னே எத்தனையோ தடவை கொட்டு வாங்கியவர், வீங்கி வடிந்துவிடும், அவ்வளவுதான். அன்றைக்குப் பத்து நிமிடத்தில் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீங்கி, குரல் கம்மி, "தலை சுத்துதும்மா" என்று வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். பக்கத்து நிலத்து அக்கா தும்பை இலையைக் கசக்கிக்கொண்டு ஓடி வந்தார், பாசத்தில்தான் வந்தார். நான் அதற்கு நிற்காமல் 108-க்குப் போன் போட்டேன். தொடையில் அட்ரினலின் ஊசி போட்ட பிறகுதான் மூச்சு சீரானது. முன்னே ஒன்றும் ஆகவில்லை என்பதால் இந்தத் தடவையும் ஆகாது என்று தயவுசெய்து இருந்துவிடாதீர்கள். கூட்டமாகக் கொட்டியிருந்தால், ஆள் தெளிவாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், இரண்டு மூன்று நாள் கழித்துக்கூட கிட்னியில் போய் நிற்கும்.

தேன்கனிக்கோட்டை பக்கம் நாங்கள். ஒரு விஷயம் சேர்க்கிறேன். குளவியும் கதண்டும் கொட்டினால் பெரும்பாலும் கொடுக்கு உள்ளே தங்காது. என் அண்ணன் அது தெரியாமல் ஊக்கால் குத்திக் குத்தித் தேடி, கடைசியில் அந்த இடமே சீழ் பிடித்துவிட்டது. கொட்டின இடத்தில் முள் தெரியவில்லை என்றால் சோப்புப் போட்டுக் கழுவி விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, தேனீ கொட்டினதும் வாழைப்பழம் மாதிரி ஒரு வாசனை வரும். அதுதான் மற்ற தேனீக்களைக் கூப்பிடுகிற வாசனை. அங்கேயே நின்று கொடுக்குத் தேடாமல், கையை வீசாமல், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வீட்டுக்குள்ளே ஓடிவிடுங்கள், ஓடும்போதே நகத்தால் வழித்து எடுத்துவிடலாம். கிணற்றில் குதித்தால் மேலேயே சுற்றிக்கொண்டு காத்திருக்கும். எங்கள் அம்மா இன்றைக்கும் சின்ன வெங்காயத்தை நறுக்கித்தான் தேய்க்கிறார், அதனால் கெடுதல் ஏதும் நான் பார்த்ததில்லை, கொடுக்கை எடுத்த பிறகு தேய்க்கட்டும் என்று விட்டுவிடுகிறேன்.