தோமாவுக்கு ஒரு ராமா: ‘தி சோசன்’ எல்லை தாண்டுகிறதா?

நெய்தல்:
இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் ‘தி சோசன்’ தொடர், 4ஆம் சீசன், 3ஆவது எபிசோட். சீடர் தோமாவுக்கு நிச்சயித்த பெண் ராமாவை ரோம அதிகாரி குவிண்டஸ் வாளால் குத்திவிடுகிறான். எழுப்பித் தாரும் என்று தோமா மன்றாடியும் இயேசு எழுப்பவில்லை. அதே சீசன் முடிவதற்குள், செத்துப்போன லாசரு (மார்த்தாள், மரியாளின் சகோதரன்) எழுந்து வருகிறார். ராமா கற்பனைப் பாத்திரம். கானா ஊர்க் கலியாணத்தில் பந்திக்குத் திராட்சரசம் கொண்டுவந்தவளாக 1ஆம் சீசனிலேயே நுழைத்துவிட்டார்கள். அதில் எனக்குப் பிணக்கில்லை. செத்தவரை எழுப்பக் கேட்டு ஆண்டவர் மறுத்ததாக நான்கு சுவிசேஷங்களில் ஒரு இடம் காட்டுங்கள். யவீருவின் மகள், நாயீன் விதவையின் மகன், லாசரு மூவரும் எழுந்தார்கள். ஆள் சேர்க்கலாம், பேச்சு சேர்க்கலாம். அவர் செய்யாத மறுப்பை அவர்மேல் ஏற்றலாமா?

மறைக்கல்வி_அக்கா:
மறுத்ததாக இல்லை, சரி. எழுப்பாமல் விட்டதாக இருக்கிறதே! திருமுழுக்கு யோவானின் சீடர்கள் உடலை அடக்கம் செய்துவிட்டு வந்து இயேசுவிடம் சொல்கிறார்கள். மத்தேயு 14:13இன்படி அவர் படகேறித் தனிமையான இடத்துக்குப் போகிறார், அவ்வளவுதான். எலிசா காலத்தில் தொழுநோயாளர் பலர் இருந்தும் குணமானது நாமான் ஒருவரே என்று நாசரேத்தில் சொன்னதும் அவர்தான் (லூக்கா 4:27). இந்த மௌனத்தைத்தான் தொடரின் இயக்குநர் டல்லாஸ் ஜென்கின்ஸ் காட்சியாக்குகிறார். 3ஆம் சீசன் 2ஆவது எபிசோடில், நொண்டி நடக்கும் சீடர் சின்ன யாக்கோபு, ‘பிறரைக் குணமாக்க என்னை அனுப்புகிறீரே, என்னை ஏன் குணமாக்கவில்லை?’ என்ற பொருளில் கேட்பாரே, அதுவும் இதே கேள்விதான். நடித்த ஜோர்டன் வாக்கர் ராஸுக்கு நிஜத்திலும் மூளை முடக்குவாதமும் முதுகுத்தண்டு வளைவும் உண்டு.

நெய்தல்:
சின்ன யாக்கோபை ஒத்துக்கொள்கிறேன், சிஸ்டர். தன் உடலில் ‘முள்’ என்று சொன்ன துன்பத்தை எடுக்கும்படி பவுல் மூன்றுதரம் வேண்டியும் ‘என் கிருபை உனக்குப்போதும்’ என்றுதான் பதில் வந்தது (2 கொரிந்தியர் 12). அந்தக் காட்சிக்கு வேர் இருக்கிறது. ராமா செத்தது எதற்கு? இயேசு உயிர்த்தெழுந்ததை யோவான் 20இல் தோமா ‘விசுவாசிக்கமாட்டேன்’ என்பதற்கு முன்கூட்டியே ஒரு காரணம் செய்து வைக்க. ஆனால் அதே தோமா யோவான் 11:16இல் என்ன சொல்கிறார்? ‘அவரோடேகூட மரிக்கும்படி நாமும் போவோம் வாருங்கள்.’ யூதேயாவில் இயேசுவைக் கல்லெறியத் தேடினார்கள் என்று தெரிந்தே சொன்ன துணிச்சல் அது. ராமாவைப் பார்த்துவிட்டு வாசிப்பவன் காதில் அது காதலியை இழந்தவன் விரக்தியாகத்தான் விழும்.

பழைய_ரீல்:
இதென்ன புதுசா? சுவிசேஷங்களில் மரியாளின் கணவர் யோசேப்பு வாய்திறந்து பேசியதாக ஒரு வார்த்தை கிடையாது. வீரமாமுனிவர் அவருக்கு வளன் என்று பேர் வைத்து, தேம்பாவணியில் 3,615 பாட்டுப் பாடினார். அதை வேதப்புரட்டு என்பீர்களா? சோசன்காரர்களாவது முதல் எபிசோட் தொடக்கத்திலேயே, பாத்திரங்களும் உரையாடலும் சேர்த்திருக்கிறோம், சுவிசேஷங்களை வாசியுங்கள் என்று எழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

நெய்தல்:
விருத்தத்தில் பாடினாலே காவியம் என்று தெரிந்துவிடும் பிரதர், தனி அறிவிப்பு எதற்கு? திரையில் புழுதி, வியர்வை, மண்சுவர் எல்லாம் நிஜம்போல நிற்கிறது. வாட்ஸ்அப்பில் சுற்றும் 2 நிமிடக் கிளிப்பில் அந்த எழுத்து எங்கே இருக்கிறது? தவிர, தோமாவின் கேள்வி யோவானிலேயே இருக்கிறது. ‘நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்’ என்று மார்த்தாள் 21ஆம் வசனத்தில் சொல்கிறாள், மரியாளும் 32இல் அதையே சொல்கிறாள். பிறகு ராமா எதற்கு?

மறைக்கல்வி_அக்கா:
அந்த இருவருக்கும் நான்காம் நாளில் அண்ணன்/தம்பி திரும்பக் கிடைத்தான். அதே பெத்தானியாவில் அந்த வருஷம் வேறு யாருமே சாகவில்லையா? அந்த வீட்டார் லாசரைத் தெருவில் பார்க்கும்போது என்ன நினைத்திருப்பார்கள்? ராமா அவர்களுக்காக வந்தவள். யோவான் அவர்களைப்பற்றி எழுதவில்லை என்பதற்காக அவர்கள் இல்லாமல் போய்விடவில்லை.

கிளிப் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. வகுப்பில் போடுவதானால் முதலில் யோவான் 11:1-44ஐச் சத்தமாக வாசியுங்கள், 6-7 நிமிடம்தான் ஆகும். படத்தை முதலில் போட்டால் பிறகு எத்தனை தடவை வாசித்தாலும் இயேசுவாக நடிக்கும் ஜோனதன் ரூமி முகம்தான் வரும். எபிசோட் முழுவதையும் ஓடவிட்டால் பேச நேரமிருக்காது. 8-10 நிமிடம் போதும். முடிந்ததும் பலகையில் மூன்று பத்தி: எழுதியிருப்பது, ஊகிக்கக்கூடியது, சேர்த்தது. பிள்ளைகளே நிரப்பட்டும். லாசரு நோயுற்றதைக் கேட்டும் இயேசு ‘இரண்டு நாள் தங்கினார்’ (11:6) என்பதை மூன்றாவது பத்தியில் போடுகிறவர்கள் நிச்சயம் இருப்பார்கள், அங்கே நிறுத்திப் பேசுங்கள்.

நெய்தல்:
அந்த இரண்டு நாளுக்கே ஒரு மணிநேரம் பேசலாமே, கொலை எதற்கு என்றுதான் நானும் கேட்கிறேன். மூன்று பத்தியை எடுத்துக்கொள்கிறேன். ராமா காட்சியை வாலிபர் கூடுகையில் போடமாட்டேன்.

மறைக்கல்வி_அக்கா:
அண்மையில் சாவு விழுந்த வீட்டுப் பிள்ளை இருந்தால் நானும் போடமாட்டேன். அல்லது அந்தப் பிள்ளையிடம் முதல்நாளே கேட்டுவிட்டுப் போடுவேன்.