ஆயாவின் கால் புண்: நான் செய்வது சரிதானா?

காட்பாடி எஸ்தர் எழுதியது:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓட்டு வீட்டில் ஒரு ஆயா தனியாக இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். இளவயதில் தொழுநோய் வந்து, மாத்திரை சாப்பிட்டு முழுக்கக் குணமாகிவிட்டது. ஆனால் பாதம் இரண்டும் மரத்துப்போனது போனதுதான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கு முன்னாலும் எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து ஐந்து கிலோ அரிசியும் ஒரு புடவையும் கொண்டுபோய்க் கொடுத்து, ஜெபம் பண்ணி, போட்டோ எடுத்துக்கொண்டு வருவோம். போன டிசம்பரில் அரிசிப் பையை வைக்கும்போது ஆயா சொன்னார்: "அரிசி ரேஷன்ல வருது கண்ணு. காலடியில என்னமோ ஈரமா இருக்குது, பார்த்துச் சொல்றியா? எனக்குக் குனிஞ்சு பார்க்க முடியல."

பார்த்தேன். வலது பாதத்தில் பெருவிரலுக்குக் கீழே ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் புண். சுற்றிலும் தோல் மஞ்சளாகத் தடித்து, நடுவில் புடவை நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. வலியே இல்லை என்கிறார். ஏழு வருடமாக அந்த வாசலுக்குப் போகிறேன். ஒரு தடவைகூட அவர் காலைப் பார்த்ததில்லை.

எங்கள் சபையில் பெரிய வியாழனன்று, இயேசு சீஷர்களுக்குச் செய்ததுபோல, போதகர் ஐயர் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவுவார். ஒரு வருடம் நானும் அந்தப் பன்னிரண்டில் இருந்தேன். வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி, சுத்தமான காலோடு போய் உட்கார்ந்தேன். அந்த ஞாபகம்தான் அன்றைக்கு வந்தது. வீட்டுக்கு வந்து வெகுநேரம் அழுதேன்.

இப்போது செவ்வாய், சனி இரண்டு நாளும் போகிறேன். வெந்நீரில் டெட்டால் ஊற்றிக் கழுவி, துணி கட்டிவிட்டு வருகிறேன். புண் சுருங்குகிற மாதிரி இருக்கும், அப்புறம் திறந்துகொள்ளும். தடித்த தோலை பிளேடால் சீவலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்று. சங்கத்தில் மூத்த அக்கா ஒருவர், "சுவிசேஷம் சொல்லாமல் காலை மட்டும் கழுவினால் அது சமூக சேவை, ஊழியம் ஆகாது" என்கிறார். ஆயா கெங்கையம்மனைக் கும்பிடுகிறவர். நான் அதைப் பற்றி ஒன்றும் பேசியதில்லை. இது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

---

பழைய பாராமெடிக்கல் எழுதியது:

சிஸ்டர், முதலில் பிளேடைத் தூரப் போடுங்கள். வெந்நீரும் வேண்டாம். அவருக்குச் சூடு தெரியாது, வெந்தாலும் சொல்ல மாட்டார். டெட்டாலும் வேண்டாம், ஆறிவரும் சதையை அது கெடுக்கும்.

நான் தொழுநோய்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான்: சாதாரணத் தண்ணீரில் இருபது நிமிடம் பாதத்தை ஊறவையுங்கள். ஊறினபிறகு சுற்றியுள்ள தடிப்பை மட்டும் சொரசொரப்பான கல்லால் மெதுவாகத் தேய்க்க வேண்டும், புண்ணின் மேல் படக்கூடாது. ஈரம் இருக்கும்போதே தேங்காய் எண்ணெய் தடவுங்கள், அப்போதுதான் ஈரம் உள்ளே நிற்கும், தோல் வெடிக்காது. புண்ணுக்குச் சுத்தமான காய்ந்த துணி. இதை வாரம் இரண்டு நாள் செய்தால் போதாது, தினமும் நடக்க வேண்டும். ஆகவே ஆயாவுக்கே பழக்குங்கள். ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்தால் அவரே உள்ளங்காலைப் பார்க்கலாம்.

புண் ஆறாததற்குக் காரணம் நடைதான். அந்த இடத்திலேயே எடை விழுகிறது. எம்.சி.ஆர். செருப்பு என்று கேளுங்கள். உள்ளே மெத்தென்ற ரப்பர், பின்னால் வார், ஆணியே இருக்காது. காட்பாடி பக்கத்தில் கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியில் அளவெடுத்துச் செய்து தருவார்கள். வாடை வந்தாலோ, கால் வீங்கினாலோ, காய்ச்சல் அடித்தாலோ ஒருநாள்கூட வீட்டில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். எலும்புக்குப் போயிருக்கலாம்.

டாக்டர் பால் பிராண்ட் 1946இல் வேலூர் வந்தபோது, தொழுநோயில் விரல் தானாக அழுகி விழும் என்றுதான் டாக்டர்களே நம்பினார்கள். கொல்லிமலையில் பிறந்த மனிதர் அவர். நோயாளிகளோடு இருந்து ஒவ்வொரு காயமும் எப்படி வந்தது என்று தேடினார். சூடான பாத்திரம், கல், முள், ராத்திரியில் எலி கடித்தது. வலி தெரியாததால் வந்த காயங்கள், கவனித்தால் தடுக்கக்கூடியவை. நீங்கள் குனிந்து பார்த்தீர்களே, அதுதான் வைத்தியத்தின் தொடக்கம்.

---

ராணிப்பேட்டை தேவபிரசாதம் எழுதியது:

அந்த மூத்த அக்கா சொன்னதை அப்படியே தள்ளிவிட எனக்கு மனமில்லை. நம்முடைய நம்பிக்கைக்குக் காரணம் கேட்கிறவர்களுக்குச் சொல்ல ஆயத்தமாக இருங்கள் என்று பேதுரு எழுதியிருக்கிறார். ஆனால் அதிலேயே "கேட்கிறவர்களுக்கு" என்று இருக்கிறது. ஆயா கேட்கும்வரை காத்திருங்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மா அந்தக் காலத்தில் குடியாத்தம் ரோட்டில் மரத்தடியில் வண்டியை நிறுத்தி வைத்தியம் பார்த்தார். வந்தவர்களின் புண்ணுக்கு அங்கேயே மருந்து போட்டார்கள். "ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்யவும்" என்ற வசனத்தைக் கல்லூரிக்குக் குறிக்கோளாக வைத்ததும் சும்மா இல்லை. ஆயா என்றைக்காவது "ஏம்மா இதெல்லாம் செய்யறே?" என்று கேட்டால் அன்றைக்கு மழுப்பாதீர்கள். அவ்வளவுதான் நான் சொல்வது.

---

சேண்பாக்கம் குமரன் எழுதியது:

நான் இந்து, ஆட்டோ ஓட்டுகிறேன். என் பாட்டிக்கும் இந்த நோய் இருந்தது. சொந்தக்காரர்கள் வந்தால் வாசலோடு பேசிவிட்டுப் போவார்கள். கண் தெரியாத ஒரு போதகர் ஐயாவை அவர் மகன் கைபிடித்துக் கூட்டி வருவார். பாட்டி போட்ட டீயைப் பாட்டியின் டம்ளரிலேயே வாங்கிக் குடிப்பார். அவர் என்ன பிரசங்கம் பண்ணினார் என்று எனக்கு ஞாபகமே இல்லை. அவர் வருகிற நாளில் பாட்டி தலைவாரி உட்கார்ந்திருப்பது ஞாபகம் இருக்கிறது. அக்கா, கரிகிரிக்கு எந்தக் கிழமை என்று சொல்லுங்கள், நான் வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன். காசு பேச்சு வேண்டாம்.

---

காட்பாடி எஸ்தர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி நேற்று பச்சைத்தண்ணீரில் ஊறவைத்தேன். கல்லால் தேய்க்கும்போது இடது குதிகாலில் ஏதோ தட்டுப்பட்டது. வேலிக்காத்தான் முள், உள்ளேயே முறிந்து கிடந்தது. எத்தனை நாளாக அதன்மேல் நடந்தாரோ. பெரிய டார்ச்சும் ஊக்கும் வைத்து எடுக்கலாம் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள், நான் தொடவில்லை, டாக்டரே எடுக்கட்டும்.

கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். ஆயா உள்ளங்காலை விட்டுவிட்டு முதலில் முகத்தைத்தான் வெகுநேரம் பார்த்தார். வீட்டில் கண்ணாடியே வைத்துக்கொண்டதில்லையாம். அப்புறம் காலைக் காட்டச் சொன்னார்.

ஏன் செய்கிறாய் என்று இன்னும் கேட்கவில்லை. "நாளைக்கும் வருவியா?" என்றுதான் கேட்டார். தம்பி குமரன், முள் இருப்பதால் தள்ளிப்போட முடியாது. நாளைக்குக் காலை எட்டு மணிக்கு வர முடியுமா? ஆயாவுக்கு ஆட்டோவில் ஏறக் கஷ்டம், ஒரு சின்ன முக்காலி நான் எடுத்து வைக்கிறேன்.