தேர்ச்சி விழுக்காட்டை வைத்துத் தலைமை ஆசிரியரை எடைபோடலாமா? குமரி மாவட்ட ஆய்வுக்கு வழி கேட்கிறேன்

வேளிமலை:
வணக்கம். தலைமை ஆசிரியரின் பணி பள்ளியின் முன்னேற்றத்தை எந்த அளவுக்குத் தீர்மானிக்கிறது என்பது என் முனைவர் பட்ட ஆய்வு. களம் கன்னியாகுமரி மாவட்டம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காட்டில் மேலே நிற்கும் 20 பள்ளி, கீழே நிற்கும் 20 பள்ளி. நாற்பது தலைமை ஆசிரியர்களிடமும் ஒரு வினாத்தாள், பிறகு டி-சோதனை (இரண்டு குழுக்களின் சராசரி வேறுபாடு தற்செயலா என்று பார்ப்பது). இதுதான் இப்போதைய திட்டம். எங்கே ஓட்டை இருக்கிறது? எந்த அளவுகோலை எடுக்கலாம்? தொடக்கப் பள்ளிகளையும் சேர்க்கலாமா?

பழையாறு:
முதல் ஓட்டை தேர்ச்சி விழுக்காடுதான். நம்ம மாவட்டம் அதில் மாநிலத்தின் முன்வரிசையில் நிற்பது. பெரும்பாலான பள்ளிகள் 90-க்கு மேலே நெருக்கியடித்து நிற்கும்போது அந்த எண் பள்ளிகளைப் பிரித்துக் காட்டாது. 40 பிள்ளைகள் எழுதும் பள்ளியில் இரண்டு பேர் தவறினாலே 5 புள்ளி சரியும். ஒவ்வொரு பிள்ளையும் தேறும் வாய்ப்பு 95 விழுக்காடு என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 40 பேருக்குத் திட்டப்பிழை, அதாவது தற்செயலாக வரும் ஏற்ற இறக்கம் மட்டும், ஏறக்குறைய 3.4 புள்ளி வரும். தலைமை ஆசிரியர் ஒன்றையும் மாற்றாவிட்டாலும் இந்த வருஷம் மேலே இருக்கும் பள்ளி அடுத்த வருஷம் கீழே வந்துவிடும். சிறு பள்ளிகள்தான் பட்டியலின் இரண்டு முனையிலும் குவியும். நீங்கள் அளப்பது தலைமையை அல்ல, அதிர்ஷ்டத்தை.

இன்னொன்று, பள்ளிக்குள் வரும் பிள்ளைகளே வேறு வேறு. 1966-இல் அமெரிக்காவில் கோல்மன் குழு, மதிப்பெண் வேறுபாட்டில் பெரும்பகுதி குடும்பப் பின்னணியோடு போகிறது என்று சொன்னதிலிருந்துதான் இந்தத் துறையே சூடுபிடித்தது. 1979-இல் மைக்கேல் ரட்டர் குழு லண்டனில் 12 மேல்நிலைப் பள்ளிகளை எடுத்து, பிள்ளைகள் சேரும்போது இருந்த நிலையைக் கணக்கில் கொண்ட பிறகும் பள்ளிக்குப் பள்ளி வேறுபாடு மிஞ்சுகிறது என்று காட்டியது. அந்த ‘சேரும்போது இருந்த நிலை’ உங்கள் திட்டத்தில் இல்லவே இல்லை.

அதற்கு இரண்டு வழி உண்டு. பத்தாம் வகுப்பின் 500-க்கு வாங்கியதை வைத்துப் பன்னிரண்டாம் வகுப்பின் 600-ஐ எதிர்பார்த்து, எதிர்பார்த்ததற்கு மேலே எவ்வளவு வந்தது என்று பார்ப்பது ஒன்று. ஆனால் பதினொன்றில் பிள்ளைகள் பள்ளி மாறிவிடுவார்கள், பாடப்பிரிவும் பிரியும். ஒரே பிரிவுக்குள் மட்டும்தான் ஒப்பிட முடியும். மற்றது, ஒன்பதாம் வகுப்பில் நீங்களே தேர்வு வைப்பது: தமிழ் வாசிப்பும் கணக்கும், ஜூலையில் ஒரு முறை, பிப்ரவரியில் ஒரு முறை, அதே பிள்ளைகளுக்கு. உழைப்பு அதிகம். ஆனால் நான் இதைத்தான் சொல்வேன். முதலில் ஆய்வில் சேராத பள்ளி ஒன்றில் 60 பிள்ளைகளிடம் வைத்துப் பாருங்கள். 90 விழுக்காட்டினர் சரியாக எழுதும் கேள்வியை எடுத்துவிடுங்கள், அது யாரையும் பிரிக்காது.

மேல் 20, கீழ் 20 என்று எடுத்தால் நடுவில் இருக்கும் பள்ளிகள் காணாமல் போகும், தொடர்பும் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். ஒன்பது ஒன்றியங்களிலும் அரசு, உதவிபெறும், சுயநிதி என்று பிரித்துக் குலுக்கல் முறையில் எடுங்கள்.

டி-சோதனையை விட்டுவிட்டு, பிள்ளை அளவு வேறுபாட்டையும் பள்ளி அளவு வேறுபாட்டையும் பிரித்துக் கணக்கிடும் பல்நிலை மாதிரிக்குப் போங்கள். ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் ஒத்திருப்பார்கள். 40 பள்ளி, பள்ளிக்கு 20 பேர், மொத்தம் 800 பேர் என்று வையுங்கள். வேறுபாட்டில் ஐந்தில் ஒரு பங்கு பள்ளிகளுக்கு இடையில் என்றால் பெருக்குக் காரணி (இந்த ஒற்றுமையால் மாதிரியின் பலம் எத்தனை மடங்கு குறைகிறது என்பது) 1 + 19 × 0.2 = 4.8. உங்கள் 800 பேர் உண்மையில் 167 பேரின் பலம்தான். பள்ளிக்குப் பிள்ளைகளைக் கூட்டுவதைவிடப் பள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

திற்பரப்பு:
மேலே சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். நான் தலைமைப் பக்கத்தை மட்டும் எடுக்கிறேன்.

தன் முதுகு தனக்குத் தெரியாது. தலைமை ஆசிரியரிடமே ‘நீங்கள் வகுப்புகளைப் பார்வையிடுகிறீர்களா’ என்று கேட்டால் எல்லாருக்கும் ஐந்துக்கு ஐந்து வரும். ஃபிலிப் ஹாலிஞ்சர் 1980-களில் உருவாக்கிய கற்பித்தல் தலைமை அளவுகோலில் 10 பணிகள், 50 கூற்றுகள், ஐந்து புள்ளி அளவு. அதில் ஆசிரியர்கள் நிரப்பும் படிவத்தை எடுங்கள், அனுமதி கேட்டு. ஒரு பள்ளிக்கு எட்டு ஆசிரியராவது வேண்டும். பணியிடம் அதற்குக் குறைவென்றால் அத்தனை பேரும். ஒட்டிய உறையில் நேரடியாக உங்கள் கைக்கு வரட்டும். அலுவலக மேசையில் சேர்த்து வாங்கினால் உண்மை வராது. தலைமையையும் விளைவையும் ஒரே ஆசிரியரிடம் கேட்காதீர்கள். பிடித்த எச்.எம். என்றால் எல்லாமே நன்றாக இருக்கும்.

தலைமையின் தாக்கம் பெரும்பாலும் நேராகப் பிள்ளைக்குப் போவதில்லை, ஆசிரியர் வழியாகத்தான் போகிறது. 1990-களில் ஹாலிஞ்சரும் ஹெக்கும் ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னது இதுதான். ஆகவே நடுவில் இருப்பதையும் அளக்க வேண்டும்: ஒரே பாட ஆசிரியர்கள் வாரத்தில் எத்தனை முறை சேர்ந்து திட்டமிடுகிறார்கள், திருத்திய விடைத்தாளிலிருந்து மறுகற்பித்தல் நடக்கிறதா, பாடவேளையில் எத்தனை நிமிடம் பாடத்துக்குப் போகிறது. விவியன் ராபின்சன் குழுவின் 2008 தொகுப்பாய்வில், தலைமை ஆசிரியர் ஆசிரியர்களின் கற்றலை ஊக்குவித்துத் தானும் அதில் உட்கார்ந்து பங்கேற்பதற்குத்தான் மிகப் பெரிய தாக்க அளவு (பிள்ளைகளின் அடைவோடு உள்ள தொடர்பின் பலத்தைக் காட்டும் எண்), 0.84. ஒழுங்கான சூழலுக்கு 0.27. முதல் எண் மிகச் சில ஆய்வுகளிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். அதற்காக அதைத் தள்ளிவிட வேண்டாம், உங்கள் கருதுகோளே அதிலிருந்து பிறக்கலாம்.

அதே பள்ளியில் மூன்று கல்வியாண்டு முடித்த தலைமை ஆசிரியர்களை மட்டும் எடுங்கள். இடமாறுதல் கலந்தாய்வில் போன வருஷம் வந்தவரின் கணக்கில் முந்தையவரின் வேலையை எழுதுவது அநியாயம். உதவிபெறும் பள்ளிகளில் ஒரே நிர்வாகத்துக்குள்ளேயே மாறுதல் நடக்கும் என்பதால் சேர்ந்த தேதியைத் தனியாகக் கேளுங்கள்.

தொடக்கப் பள்ளி வேண்டாம். ஈராசிரியர் பள்ளியில் தலைமை ஆசிரியரே பாதி வகுப்புகளை எடுக்கிறார். அங்கே இந்த 50 கூற்றுகளும் பொருந்தாது.

எண்கள் வந்த பிறகு, எதிர்பார்த்ததைவிட மேலே வந்த இரண்டு பள்ளி, கீழே போன இரண்டு பள்ளி எடுத்துத் தலா ஏழு நாள் உட்காருங்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை எச்.எம். என்ன செய்கிறார் என்று குறியுங்கள்: வகுப்பறை, எமிஸ் (கல்வித் துறையின் இணையத் தரவுத் தளம்) பதிவு, பெற்றோர், அலுவலகக் கடிதம். முதல் இரண்டு நாள் குறிப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள், ஆள் வந்திருக்கிறார் என்று பள்ளியே நிமிர்ந்து நிற்கும். ஆசிரியர் கூட்டக் குறிப்பேட்டையும் வகுப்பறை உற்றுநோக்கல் பதிவேட்டையும் கேட்டுப் பாருங்கள். ‘நன்று’ என்று மட்டும் எழுதியிருக்கிறதா, எந்தப் பிள்ளை எந்த இடத்தில் தடுமாறியது என்று எழுதியிருக்கிறதா. ஒரு பக்கம் படித்தாலே தெரிந்துவிடும்.

வேளிமலை:
மிக்க நன்றி. ஒன்பதாம் வகுப்புத் தேர்வுக்கே போகிறேன். குடும்பப் பின்னணிக்கு என்னென்ன கேட்க வேண்டும்? பள்ளிகளுக்குள் எப்போது போவது?

கடற்கரை டீச்சர்:
தாயின் படிப்பு, தகப்பனின் வேலை, வீட்டில் படிக்க இடம் உண்டா. இந்த மூன்றும் கட்டாயம். வேலையைக் ‘கூலி’ என்று ஒரே கட்டத்தில் அடைக்காதீர்கள். குலசேகரம் பக்கத்து ரப்பர் பால்வெட்டு வேறு, குளச்சல், முட்டம் பக்கத்துக் கடல்தொழில் வேறு. தகப்பன் வெளிநாட்டில் இருக்கும் வீட்டில் பணம் இருக்கும், பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஆள் இருக்காது. அதற்குத் தனிக் கட்டம் வையுங்கள்.

எல்லாவற்றையும்விட டியூஷன். எந்தப் பாடம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று பிள்ளையிடமே கேளுங்கள். இதை விட்டால் டியூஷன் மாஸ்டரின் உழைப்பு எச்.எம். கணக்கில் ஏறிவிடும்.

விளவங்கோடு பக்கம் மலையாள வழி வகுப்புகள் உண்டு. வாசிப்புத் தேர்வைத் தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு மட்டும் வைத்து, அதை ஆய்வேட்டில் வெளிப்படையாக எழுதுங்கள். இல்லையென்றால் மலையாளத்தில் தனித் தேர்வு தயாரிக்க வேண்டும். மொழிபெயர்த்த வாசிப்புப் பகுதியின் கடினம் ஒன்றாக இருக்காது.

அரசுப் பள்ளிகளுக்கு முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதிக் கடிதம் வேண்டும். உதவிபெறும், சுயநிதிப் பள்ளிகளில் தாளாளரிடமும் தனியாக வாங்குங்கள். பிள்ளைகளின் பெற்றோரிடம் ஒப்புதல் கையெழுத்து தமிழில் ஒரு பக்கத்தில் இருக்கட்டும். தேர்வுத்தாளில் பெயர் வேண்டாம், எண் போதும். பெயர்-எண் பட்டியல் உங்களிடம் மட்டும்.

ஜூன் சேர்க்கையில் போகும். ஜூலை மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை நல்ல காலம். செப்டம்பர் காலாண்டு. அக்டோபர், நவம்பரில் மழை விடுமுறை எப்போது வரும் என்று சொல்ல முடியாது, டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை, அதை ஒட்டி அரையாண்டு. இரண்டாவது தேர்வைப் பிப்ரவரி முதல் இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு பத்து, பன்னிரண்டாம் வகுப்புத் திருப்புதல் தேர்வுகளுக்கே ஆசிரியர்களை இழுத்துவிடுவார்கள், ஒன்பதாம் வகுப்பில் வருகையும் குறையும். ஜூலையில் எழுதி பிப்ரவரியில் வராத பிள்ளைகளின் பட்டியலைத் தனியாக வைத்திருங்கள். அவர்கள் பெரும்பாலும் பின்தங்கிய பிள்ளைகளாக இருந்தால், அந்தப் பள்ளியின் முன்னேற்றம் இருப்பதைவிட உயர்ந்து தெரியும்.