"அடிப்பாரா?" என்று கேட்டது நான்தான்

எங்கள் ஆபீசில் அக்கவுண்ட்ஸ் பார்க்கும் அக்கா ஒருவர். நல்ல சம்பளம். சாயங்காலம் டீலக்ஸ் பஸ் காலியாக வந்து நின்றாலும் ஏற மாட்டார். பெண்களுக்குக் கட்டணம் இல்லாத சாதா பஸ் வரும்வரை முக்கால் மணி நேரம் நிற்பார். மகா கஞ்சம் என்று நாங்கள் கேலி பேசுவோம். இப்போது நினைத்தால் கூசுகிறது.

ஒருநாள் நாப்கின் வாங்க நாற்பது ரூபாய் கேட்டார். சம்பளம் வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. ஏடிஎம் கார்டு வீட்டுக்காரரிடமாம். தினமும் டிபன் பாக்ஸோடு இருபது ரூபாய் தருவாராம், ராத்திரி அதற்குக் கணக்கும் கேட்பாராம். "அடிப்பாரா அக்கா?" என்றேன். "சேச்சே, கை நீட்டினதே இல்லை" என்றார், பெருமையாகவே. "அப்போ பரவாயில்லை" என்று நானும் சொல்லித் தொலைத்தேன். பெண்ணின் பணத்தைப் பிடுங்கி வைத்துக்கொள்வதும் 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் வன்முறைதான் என்று அப்புறம்தான் படித்தேன்.

பதில் 1:
நான் இரண்டு வருஷம் வாயைத் திறக்காததற்குக் காரணம் வேறு. புகார் கொடுத்தால் என் வீட்டுக்காரரை உடனே ஜெயிலில் போட்டுவிடுவார்கள், பிள்ளைகள் என்னை மன்னிக்காது என்று பயம். சமூக நல அலுவலகத்தில், இந்தச் சட்டத்துக்கென்றே இருக்கும் பாதுகாப்பு அலுவலரைப் பார்த்த பிறகுதான் தெளிந்தது. இவளை அடிக்காதே, வீட்டைவிட்டு விரட்டாதே என்று மாஜிஸ்திரேட் முதலில் உத்தரவுதான் போடுவார். அதை மீறினால்தான் ஒரு வருஷம் வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம் என்ற பேச்சே வரும். வீடு மாமியார் பேரில் இருக்கிறது, உனக்கு என்ன பாத்தியதை என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். மாமனார் மாமியார் வீடாக இருந்தாலும் மருமகள் குடியிருக்க உரிமை கேட்கலாம் என்று 2020-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாஜிஸ்திரேட் எனக்குப் போட்ட உத்தரவைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன்.

பதில் 2:
"கோபம் வந்தா அவருக்குக் கண்மண் தெரியாது" என்பாள் என் அக்கா. மாமா சொட்டுக் குடிக்க மாட்டார். ஐயப்பனுக்கு மாலை போட்ட 48 நாளும் கோபம் வந்தது, கை மட்டும் ஓங்கவில்லை. மாலையைக் கழற்றிய மறுநாள், சட்னியில் உப்பு இல்லை என்று அறைந்தார். முதலாளியிடம் ஒருநாளும் கண்மண் தெரியாமல் போனதில்லை.

முதலில் எழுதியவர்:
அக்கா இன்னும் சாதா பஸ்ஸுக்குத்தான் நிற்கிறார். நானும் கூட நிற்கிறேன். நேற்று 181 என்ற பெண்கள் உதவி எண்ணைச் சொன்னேன். போனை வீட்டுக்காரர் பார்ப்பாராம், பதியவில்லை. "மூணு நம்பர்தானே" என்றார்.