அண்ணன் கையக் கட்டிட்டு உக்காந்தா கோவம்னு அர்த்தமா?

கேள்வி: பாகப்பிரிவினை பேச அண்ணன்கூட உக்காந்தோம், நான் பேசி முடிக்கிற வரைக்கும் கையக் கட்டிக்கிட்டு தரையையே பாத்துட்டு இருந்தாரு, வாயால "சரி சரி"ன்னாரு ஆனா முகம் ஒத்துக்கல. பேச்சுல வார்த்தை 7 சதவீதம்தான், மீதி குரலும் முகமும்னு ட்ரெய்னிங்ல சொன்னாங்க, அப்ப அந்த சரிய நம்பலாமா?

பதில் 1: அந்த 7-38-55 கணக்கு (வார்த்தை 7, குரல் 38, முகம் 55 சதவீதம்) உளவியல் ஆய்வாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967ல செஞ்ச சோதனைகள்ல இருந்து வந்தது, ஒரே ஒரு வார்த்தைய வேற வேற குரல்ல கேக்க வச்சு, வேற வேற முகபாவ படங்களையும் காட்டி, சொல்றவருக்கு பிடிச்சிருக்கா இல்லையான்னு பாத்தாங்க, அவ்ளோதான். எல்லா பேச்சுக்கும் பொருந்தாதுன்னு அவரே சொல்லிருக்காரு. கை கட்டுறது பழக்கமா இருக்கலாம், குளிராகூட இருக்கலாம். அவர் சாதாரணமா எப்படி உக்காருவாருன்னு உங்களுக்குத் தெரியும்ல, எந்த பேச்சு வந்தப்ப அது மாறுச்சுன்னு யோசிங்க.

பதில் 2: எங்க வீட்லயும் இதே கதைதான், சித்தப்பா தலையக் குனிஞ்சே இருந்தாரு, கோவம்னு நெனச்சோம், கடைசில பாத்தா கடன் இருக்கு, சொல்ல கூச்சம். எதிர்ல உக்காராம பக்கத்துல உக்காந்து "அண்ணே, மனசுல ஏதோ இருக்கு போல, சொல்லுங்க"ன்னு கேளுங்க.

பதில் 3: ரொம்ப சூடாயிட்டா நிறுத்திடுங்க. தம்பதிகள் சண்டைய ஆராய்ஞ்ச ஜான் காட்மன், படபடப்பு அடங்க 20 நிமிஷமாவது வேணும்கிறாரு.

கேள்வி கேட்டவர்: அம்மாவோட நகை பத்தி பேச்சு வந்தப்பதான் கையக் கட்டினாரு, இப்பதான் ஞாபகம் வருது. நாளைக்கு அதையே கேக்குறேன்.