பொந்தியானாக்: தோட்டத்தில் பார்த்தவர்கள், கேட்டவர்கள் சொல்லுங்கள்

கெடாக்காரன்:
மலேசியத் தோட்டத்தில் வளர்ந்த நம்மவர்களுக்கு முனியாண்டியும் தெரியும், பொந்தியானாக்கும் தெரியும். முனியாண்டி நம்மோடு கப்பலேறி வந்தவர். இவள் இந்த மண்ணுக்காரி, மலாய்க்காரர் சொல்லும் பெண் பேய். பிரசவத்தில் செத்துப்போனவள், வெள்ளை உடுப்பு, அவிழ்த்துவிட்ட முடி, வாழைமரத்தில் குடியிருப்பு. சத்தம் பெரிதாகக் கேட்டால் தூரத்தில் இருக்கிறாள், சன்னமாகக் கேட்டால் பக்கத்தில். கெம்போஜா (ஈழத்தலரி) பூ வாசம் அடித்தால் வாயைத் திறக்கக் கூடாது.

பள்ளி விடுமுறையில் அம்மாவோடு விடியுமுன்னே ரப்பர் பால்மரம் வெட்டப் போவேன். ஒருநாள் பால் வடியும் மங்குக் கிண்ணத்தில் உறைந்திருந்த ஒட்டுப்பாலைப் பிய்த்துச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தேன். ஒட்டுப்பால் நாற்றம் தெரியும்தானே? அந்த நாற்றத்தில் வேறு எந்த வாசமும் மூக்கில் ஏறாது. அன்றைக்கு ஏறியது. அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெட்டுக் கத்தியை மட்டும் என் கையில் திணித்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டார். வீட்டுக்கு வந்த பிறகும் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

தாப்பா அக்கா:
கத்தி கொடுத்தது சரிதான் தம்பி. இரும்பு.

எனக்குத் தலைப்பிள்ளை பிறந்தபோது அம்மா தலைமாட்டில் அரிவாளும் வேப்பிலையும் வைத்தார். பக்கத்துக் கம்பத்து (மலாய்க் கிராமத்து) மாச்சிக், அதாவது மலாய் அம்மா, வந்து பார்த்துவிட்டு, இது போதாது என்று முள் தாழை ஓலையை ஜன்னலில் கட்டிவிட்டுப் போனார். அது பெனாங்காலான் என்ற பேய்க்காம். குடல் தொங்கத் தலை மட்டும் பறந்து வரும், முள்ளில் குடல் சிக்கிக்கொள்ளும் என்று சிரிக்காமல் விளக்கினார். பிள்ளை பெற்ற அலுப்பில் எனக்குப் பயம்கூட வரவில்லை.

பழைய முறையும் அவர் சொல்லித்தான் தெரியும். பிரசவத்தில் இறந்தவளின் வாயில் கண்ணாடி மணிகள், அக்குள் இரண்டிலும் கோழிமுட்டை, உள்ளங்கையில் ஊசி வைப்பார்களாம். அலற முடியாது, கையை விரித்துப் பறக்கவும் முடியாது. செத்தவள் மேல் இவ்வளவு பயம். அவள் உயிரோடு வலியில் துடித்தபோது இதில் பாதி அக்கறையாவது காட்டினார்களா என்று எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஜொகூர் தம்பி:
எங்கள் பக்கத்தில் பயப்படுவதை விட்டுவிட்டு அவளிடமே லாட்டரி நம்பர் கேட்கப் போய்விட்டார்கள். வாழைமரத்தில் சிவப்பு நூலைக் கட்டி, மறு நுனியைக் கட்டில் காலில் கட்டிப் படுத்தால் ராத்திரி வந்து நாலு நம்பர் சொல்வாளாம். எங்கள் மாமா கட்டினார். நடுராத்திரி நூல் விறுவிறுவென்று இழுபட்டது. அலறிக்கொண்டு அவர் ஓடியதில் கட்டிலும் கூடவே நகர்ந்தது, நூல் காலில் சுற்றிக்கொண்டதால். விடிந்து போய்ப் பார்த்தால் வாழைமரத்தடியில் பக்கத்து வீட்டு ஆடு.

செம்பனை கிராணி:
ஆட்டைப் போல ஆந்தையையும் கணக்கில் எடுங்கள். செம்பனைத் தோட்டங்களில் எலி பிடிக்கக் கூடு வைத்துக் கூகை வளர்க்கிறார்கள். வெள்ளை வயிறு, பறக்கும்போது இறக்கைச் சத்தம் துளிகூட இருக்காது, கத்தினால் பெண் அலறுவது போலவே இருக்கும். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் பாரங்கை (வெட்டுக்கத்தியை) போட்டுவிட்டு ஓடியதைப் பார்த்திருக்கிறேன். பழைய மலாய் நம்பிக்கையிலும் செத்துப் பிறந்த பிள்ளை இராக்குருவியாக மாறும் என்றுதான் இருக்கிறது.

வாசத்துக்கும் காரணம் உண்டு. கெம்போஜா இரவில்தான் அதிகமாக மணக்கும், அந்துப்பூச்சியை இழுக்க. மலாய்க்காரர் மையத்துக்கொல்லைகளில் (இடுகாடுகளில்) அந்த மரத்தைத்தான் நட்டு வைத்திருக்கிறார்கள். பிறகு ஏன் பேய் ஞாபகம் வராது?

ஆனால் ஒன்று, 1771-இல் இந்தோனேசியாவின் காலிமந்தானில் பொந்தியானாக் நகரத்தை உண்டாக்கிய சுல்தான், இவளை விரட்டப் பீரங்கியே வெடித்தார் என்று அந்த ஊரில் இன்றும் சொல்கிறார்கள். ஆந்தைக்கு யாரும் பீரங்கி வெடிக்க மாட்டார்கள், ஒத்துக்கொள்கிறேன்.

கெடாக்காரன்:
கிராணி ஐயா, எங்கள் தோட்டத்தில் கெம்போஜா மரமே கிடையாது. மையத்துக்கொல்லை ஆற்றுக்கு அந்தப் பக்கம். அவ்வளவு தூரம் காற்றில் வருமா? ஜொகூர் தம்பி, மாமா அந்த ஆட்டுக்கு என்ன நம்பர் எடுத்தார், அதைச் சொல்லவே இல்லையே?